உலகப் போட்டிப் பாட்டும் எங்கள் வீட்டு மார்க்கும்

உலகத்தில் எங்காவது பெரிய விளையாட்டுப் போட்டி நடந்தால் அதற்கென்று ஒரு பாட்டு வரும். கால்பந்துக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, எல்லா விளையாட்டும் சேர்ந்த பெரிய விழாவுக்கு ஒன்றோ இரண்டோ. போட்டியை நானும் என் மனைவியும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பந்து எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். அவளுக்கு யார் ஜெயித்தாலும் தோற்றவனின் முகத்தைக் காட்டும்போது மனசு கேட்காது, சேனலை மாற்றச் சொல்லிவிடுவாள். ஆனால் பாட்டை மட்டும் நாங்கள் விட்டதில்லை. மூன்று தடவை கேட்போம். மூன்றாவது முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று ஆளுக்கொரு மார்க்கு சொல்வோம். அவள் மார்க்கும் என் மார்க்கும் ஒன்றாக இருந்ததே இல்லை. அதற்கப்புறம் சண்டை. சாப்பாடு பரிமாறும்போதும் ஓடும், சில சமயம் மறுநாள் காபியிலும் தொடரும்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மார்க்கு போட எனக்கு முறை உண்டு. எடுத்த எடுப்பிலேயே எல்லாரையும் கையைத் தூக்கச் சொன்னால் அரை மார்க்கு போகும். உலகம் என்ற சொல் ஆறு தடவைக்கு மேல் வந்தால் ஒன்று போகும். பாட்டின் பாதியில் குழந்தைகள் கூட்டமாக வந்து பாடினால் இன்னொன்று. குழந்தைகள் மேல் எனக்கு விரோதம் இல்லை. வேறொன்றும் தோன்றாதபோதுதான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் சுருதியை ஏற்றிவிட்டு அதே வரியை மறுபடி பாடினால் அதற்கும் ஒன்று. புரியாத பாஷையில் எப்படி நைனா எண்ணுவீர்கள் என்று என் மகள் ஒரு முறை கேட்டாள். திரும்பத் திரும்ப வருகிற சத்தத்தை எண்ணுவதற்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பெரும்பாலான பாட்டுகள் நாலில் வந்து நிற்கும்.

என் மனைவிக்கு முறையெல்லாம் கிடையாது. கடைத்தெருவில் அவள் அப்பா வைத்திருந்த பாத்திரக்கடையை அவருக்குப் பிறகு அவள்தான் நடத்தினாள். அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கமிருந்தெல்லாம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருவார்கள். குடம், அண்டா, தூக்கு, தட்டு என்று எடுத்த எல்லாவற்றிலும் பெயர் வெட்டித் தர வேண்டும். அதற்குப் பேனா மாதிரி பிடித்துக்கொள்கிற ஒரு மெஷின் உண்டு. கரண்டில் ஓடும். எவர்சில்வர் மேல் வைத்தால் பல் கூசுகிற மாதிரி கத்தும். கடையில் ஆள் இருந்தாலும் பெயரை அவளேதான் வெட்டுவாள். கல்யாணப் பெண்ணின் பெயரில் ஒரு கால் விட்டுப் போனாலும் அந்தக் குடம் இருக்கிற வரை அது இருக்கும் என்பாள்.

அவள் அபிப்பிராயங்களும் அந்தக் கடையிலிருந்துதான் வரும். எல்லா நாட்டுக்கும் பொதுவாகப் பாட்டுப் போடப் போய் அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போகிறது என்று ஒரு தடவை நான் சொன்னேன்.

"கடையில அடுக்கி வெச்ச குடம் மாதிரி இருக்கணும் அது," என்றாள். "வாங்கறவங்க அவங்கவங்க பேர வெட்டிக்குவாங்க. முன்னாடியே ஒருத்தன் பேர வெட்டி வெச்சிட்டா இன்னொருத்தன் எப்பிடி எடுப்பான்?"

கடையில் அடுக்கி வைக்கிற குடத்தை யாரும் கோபுரத்தில் ஏற்றுவதில்லை என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பாட்டுக்கு ஆறு கொடுப்பதாக இருந்தவள், என்மேல் இருந்த கோபத்தில் எட்டாக்கிவிட்டாள்.

டி.வி. முன்னால் உட்கார்ந்து மட்டும் நான் இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தால் அணிவகுப்புக்குப் பாட்டுத் தேடுகிற வேலை என் தலையில்தான் விழும். எண்ணத் தெரிந்தவன் என்பதுதான் எனக்கிருந்த தகுதி. முதல் வருஷம் நல்ல வேகமான பாட்டாக எடுத்துப் போட்டேன். ஒலிபெருக்கியில் அடித்த கொட்டு எதிரே இருக்கிற மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒலிபெருக்கிக்குக் கால் வைத்தார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் மலைக்குக் கால் வைத்தார்கள். நடுவரிசை எதற்கும் கால் வைக்காமல் நின்றுவிட்டது. அடுத்த வருஷம், ஒரு கொட்டுக்கும் அடுத்த கொட்டுக்கும் நடுவில் மலை பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடம் விடுகிற பாட்டாகத் தேடிப் போட்டேன். நடை சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து என் கொள்கை அதுதான். மைதானத்துப் பாட்டில் சும்மா இருக்கிற இடம் வேண்டும். லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர்கள் சத்தத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டாமா? இப்போது வருகிற பாட்டுகளில் ஊசி நுழைய இடமில்லை.

இதையும் அவள் ஒத்துக்கொண்டதில்லை. மெடல் கொடுக்கும்போது ஜெயித்தவனின் நாட்டுப் பாட்டைச் சுருக்கி வாசிக்கிறார்களே, அது மரியாதையா என்று நான் பொருமினால், "அவனே அழுதுகிட்டு நிக்கறான். முழுசா வாசிச்சா மயக்கம் போட்டு வுழுந்துடுவான்," என்பாள். எங்களுக்குள் சாப்பாடு, மருந்து, மகளின் படிப்பு, மருமகனின் வேலை என்று பேச எவ்வளவோ இருந்தன. எல்லாம் வீட்டு விஷயங்கள். வீட்டு விஷயமில்லாத ஒரே பேச்சு இந்தப் பாட்டுச் சண்டைதான். அது நின்றுபோனால் நாங்கள் இரண்டு பேரும் மாத்திரை நேரத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்போம் என்ற பயம் எனக்கு வெகுநாளாக உண்டு.

சில வருஷங்களுக்கு முன்னால் அது நின்றது.

கடையை அவள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த சமயம். கால்பந்துக்கு ஒரு பாட்டு வந்தது. மூன்று தடவை கேட்டோம். நான் நாலு என்றேன். "நாலுதான் குடுக்கலாம்," என்றாள் அவளும். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் என் முறையின் நியாயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்து கிரிக்கெட்டுக்கு ஒரு பாட்டு வந்தது. நான் மூன்றரை, அவளும் மூன்றரை. அரை மார்க்கு என்பதையே ஒத்துக்கொள்ளாதவள் அவள். அரைக் குடம் யார் வாங்குவார்கள் என்று கேட்டவள்.

புதுச்சேரியில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன்.

"நைனா, இத்தினி வருசமா அம்மா எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறான்னு எங்கிட்ட பொலம்புனீங்க," என்றாள் அவள். "இப்ப ஒத்துக்கறாங்கன்னு பொலம்பறீங்க. ரெண்டுல ஒரு முடிவுக்கு வாங்க."

நான் ஒரு சோதனை வைத்தேன். என் கணக்குப்படி இரண்டுக்கு மேல் தேறாத ஒரு பாட்டு. எல்லாக் குற்றமும் அதில் இருந்தது. கேட்டு முடித்ததும் முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு ஒன்பது என்றேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா ஒம்போது குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் விழுப்புரத்தில் எனக்கு இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் ஏதோ பேசினார். உள்ளே கொஞ்ச நேரம் ஆயிற்று. இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. என் இதயத்தில் ஏதோ இருக்கிறது. இந்த மனுஷன் இன்னும் எத்தனை பாட்டுக் கேட்கப் போகிறாரோ, சொல்வதையெல்லாம் ஒத்துக்கொண்டு போவோம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மகளும் உடந்தை. இப்படி நினைத்துக்கொண்டு பத்து நாள் படுக்கையில் மார்பில் கையை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் தாங்காமல், கோழித்தீவனம் வாங்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரரோடு போவதாகச் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குத் தனியாக பஸ் ஏறினேன்.

டாக்டர் பழைய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஊறுகாயை நிறுத்தச் சொன்னேன், உங்களிடம் சொன்னால் வாதம் செய்வீர்கள் என்று உங்கள் மனைவியிடம் சொன்னேன் என்றார். "அதையும் மூணு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு சார்." ஊறுகாய் விஷயத்தில் அவளுக்கும் மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த மூன்று தடவையை நான் எண்ணினேன், ஆனால் எதற்கு என்று யோசிக்கவில்லை.

உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் சண்டை திரும்பி வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு போட்டிக்குப் பாட்டு வெளியாயிற்று. மருமகன் வைத்துக்கொடுத்த டி.வி.யில் இப்போதெல்லாம் பாட்டைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். ரிமோட் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவில்லை. அழுக்குப் படக்கூடாது என்று வைத்திருந்தேன். அதனால் பொத்தான்கள் சரியாகத் தெரியாது. ஒன்றை அழுத்தினால் இன்னொன்று அழுந்தும். படம் ஓடத் தொடங்கியது. ஒரு பெரிய மைதானம், நடுவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடினார்கள். நான் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து எண்ணத் தொடங்கிவிட்டேன். நாலு நாலாகத்தான் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெருவில் போன கரும்பு டிராக்டரின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்பதைக் கவனித்தேன். டி.வி.யில் சத்தமே வரவில்லை. ஊமையாக்குகிற பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

ரிமோட்டை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவள், "கொட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனாக்க உங்களுக்கு நாலத் தாண்டாது, இல்ல?" என்றாள்.

அவள் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, தாளம் தப்பாமல். கண் டி.வி.யில் இல்லை. நாற்காலிக் கைப்பிடியில் இருந்த என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணும்போது என் விரல்கள் கட்டையில் தட்டும். அது எனக்கே தெரியாத பழக்கம்.

விரலை நிறுத்தினேன். அவள் தலை நின்றது. மறுபடி தட்டினேன். தலை ஆடியது. நாலை விட்டுவிட்டு மூன்று மூன்றாகத் தட்டிப் பார்த்தேன். திரையில் அவர்கள் நாலுக்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மூன்றுக்கு மாறினாள்.

சத்தத்தைத் திறந்து வைத்திருக்கலாம். ஏனோ அப்படிச் செய்யத் தோன்றவில்லை. அவள் பாட்டைப் பாதியில் நிறுத்த மனசு வரவில்லை. படம் முடிகிற வரைக்கும் தட்டினேன். கடைசியில் ஆட்டக்காரர்கள் எல்லாரும் கையைத் தூக்கி நின்றபோது விரலை நிறுத்தினேன். அவளும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, முடிந்தது என்கிற மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டாள். அன்றைக்கு நாங்கள் ஒரு தடவைதான் கேட்டோம். தலைவலி என்று சொல்லி நான் எழுந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குக்கர் விசிலை எண்ணுகிற வேலையை அவள் என்னிடம் கொடுத்திருந்தாள். எண்ணுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். போன் வந்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள் என்பாள். வாசலில் பால்காரர் கூப்பிட்டால் நான்தான் போவேன். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வீட்டில் மதிப்புக் கூடியிருக்கிறது என்று நான் மகளிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். என் முகம் தெரிகிற மாதிரி, வெளிச்சம் என்மேல் விழுகிற மாதிரி பார்த்து உட்கார்ந்தேன்.

"எத்தினி நாளா கேக்கல?" என்றேன்.

"நீங்க பேசறது கேக்குதே."

"பாட்டு?"

அவள் கையிலிருந்த ஈர்க்கை முழுக்க உருவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கொட்டு கேக்குது, கேக்காதப்ப உங்க வெரலப் பாத்துக்குவேன். மத்ததெல்லாம் பக்கத்து வூட்ல மிக்சி ஓடற மாதிரி இருக்குது. வார்த்த ஒண்ணும் வர்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பாட்டு போடுவீங்களா? பாட்டு போட்டாதான் எம்பக்கத்துல சேர் போட்டு ஒக்கார்றீங்க. மத்த நேரம் பேப்பர வெச்சிக்குவீங்க, இல்லன்னா ரோட்ல போற பஸ்ஸ எண்ணுவீங்க."

அப்படியானால் நான் சொல்வதற்கெல்லாம் ஏன் சரி என்று சொன்னாய், வழக்கம்போல எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று கொஞ்சம் கோபமாகக் கேட்டேன்.

"கேக்காத பாட்டுக்கு எதிர்க்கட்சியா நிக்க முடியுமா வாத்தியாரே?" என்றாள். "பாக்காத சரக்குக்கு நான் என்னிக்காவது வெல சொல்லியிருக்கனா? நீங்க கேட்டீங்க, நீங்க சொல்ற வெலதான் வெல."

நானும் ஒரு கைப்பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். காம்போடு போடுகிறீர்கள், வைத்துவிடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள்.

காது மெஷின் என்ற பேச்சை எடுத்ததும் மாட்டேன் என்றுவிட்டாள். கடைத்தெரு முழுக்கத் தெரிந்தவர்கள். காதில் அதை மாட்டிக்கொண்டு போனால் செவிடி என்று பெயர் வெட்டிவிடுவார்கள், அப்புறம் அழிக்க முடியாது என்றாள். மகள் புதுச்சேரியிலிருந்து வந்து இரண்டு நாள் பேசிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் ஒன்று சொன்னேன். அடுத்த பெரிய போட்டிக்குப் பாட்டு வரப்போகிறது, எனக்கு எதிராக மார்க்கு போட ஆளில்லை, நான் தனியாக நாலு போட்டுவிட்டு யாரோடு பேசுவது என்று கேட்டேன். எங்கே பார்த்துக்கொண்டு சொன்னேன் என்று நினைவில்லை. அவள், டெஸ்ட் மட்டும் எடுத்துப் பார்க்கலாம், மாட்டிக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள் என்றாள்.

விழுப்புரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே சத்தம் அனுப்புகிற பெட்டிக்குப் பக்கத்தில் விளக்கு எரிவது எனக்குத் தெரிந்தது. எப்போது சத்தம் போகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற அப்பன் மாதிரி தவித்தேன். கண்ணாடி வழியாக அவள் என்னையே பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதலில் நிறைய அழுத்தினாள். போகப் போகக் குறைந்தது. கடைசியில் விளக்கு ஐந்து தடவை எரிந்தும் அவள் விரல் அசையவில்லை.

டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதில் பாதிதான் இருக்கும். பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். வருஷக்கணக்காக அந்தப் பெயர் வெட்டுகிற மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்ததில் கீச்சென்ற மேல் சத்தங்களெல்லாம் போயிருக்கலாம், வயசும் சேர்ந்துகொண்டது, கனத்த கீழ்ச் சத்தம் இன்னும் இருக்கிறது என்று விளக்கினாள். கொட்டு கேட்டதற்கும் வார்த்தை கேட்காததற்கும் காரணம் அதுதான். எத்தனை பெண்களின் பெயரை அவள் வெட்டியிருப்பாள் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரங்களில் போயிற்று. பாதியில் விட்டுவிட்டேன்.

மெஷினை மாட்டின முதல் வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நான் பேப்பரைத் திருப்பினால் தகரம் மடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தாளிக்கும்போது திடுக்கிட்டாள். ஒரு பழைய பாட்டைப் போட்டோம். புல்லாங்குழல் வந்ததும் முகத்தைச் சுளித்து, "இவன் குளுர்ல நடுங்கிகிட்டே ஊதறான்," என்று சொல்லிக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். மூன்று நாள் டப்பாவைத் திறக்கவில்லை.

மறுபடி விழுப்புரம் போனோம். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். மெஷின் பேச்சுக்காகச் செய்தது, குழல் மாதிரி நீளமாக ஒரே சத்தம் வந்தால் தானே கூவுகிறோம் என்று நினைத்து அதை அடக்கப் பார்க்கும், அதனால்தான் நடுக்கம் என்றாள். பாட்டுக்கென்று தனியாக ஒரு ஏற்பாட்டைச் செய்துகொடுத்தாள், ஒரு பொத்தானைத் தட்டினால் அது வந்துவிடும். பழையபடி முழுசாகக் கேட்குமா என்று நான் கேட்டேன். முழுசாக வராது, பாதிக்கு மேல் வரும் என்றாள். வெளியே வந்ததும் என் மனைவி, இந்தப் பெண் கடை வைத்தால் நன்றாக நடக்கும், இல்லாததை இருக்கிறது என்று சொல்லவில்லை என்றாள்.

பாட்டு வந்தது. இந்தத் தடவை ரிமோட்டின் உறையைக் கழற்றிவிட்டேன். நாற்காலிகளைப் போட்டோம். என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். என்னிடமிருந்து அவளுக்கு ஒரு தகவலும் போகக்கூடாது. அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பொத்தானைத் தட்டிவிட்டு, போடுங்கள் என்று தலையசைத்தாள்.

முதல் தடவை அவள் அசையவே இல்லை. முன்னால் சாய்ந்து, கடையில் ஒரு பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஆடவில்லை. வேலைக்கு ஆகவில்லை, இதுவும் மிக்சி மாதிரிதான் கேட்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். இனி என்ன செய்வது, சென்னைக்குக் கூட்டிப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாவது தடவை பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். என் பக்கம் திரும்பினாள்.

"யாரு முனகறது?"

யாரும் முனகவில்லை என்றேன்.

"நீங்கதான். கூடவே பாடறீங்க." அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "மூணு, நாலுன்னு மார்க்க கொறச்சிட்டு கூடவே பாடிகிட்டு இருந்தீங்களா இத்தினி வருசமா?"

எனக்கு அது தெரியாது. நான் எண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவைக்கு வாயையும் மூடிக்கொண்டேன். இப்போது அவள் தலை ஆடியது. கொட்டு விழுகிற இடத்தில் இல்லை. நான் எண்ணாத ஏதோ இடங்களில் ஆடியது. முடிந்ததும் என்னை முந்திக்கொண்டு ஏழு என்றாள்.

என் மனசில் இருந்தது மூன்று.

"எதுக்கு ஏழு?" என்றேன்.

"மொதல்ல ஒருத்தன் கொட்டு இல்லாம தனியா பாடறான் பாருங்க, அவனுக்குத் தொண்ட கட்டியிருக்குது. அத சரி பண்ணாம அப்பிடியே வுட்டுட்டாங்க. அதுக்குத்தான் ஏழு. ஊரு பூரா பாக்கற பாட்டுல ஒருத்தன் தொண்ட கட்டிகிட்டு பாடறான்னா அது மனுசன் பாட்டு."

அவனுக்குத் தொண்டை கட்டவில்லை, உன் காதில் இருக்கிற மெஷினுக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் மறுபடி போட்டுக் கேளுங்கள் என்றாள். போட்டேன். எனக்கு அந்தக் குரல் சாதாரணமாகத்தான் பட்டது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் பாட்டில் இருக்கிற குற்றங்களை வரிசையாகச் சொல்லப் போகிறேன், மொத்தம் ஏழு, ஒவ்வொன்றாகக் கேள் என்று ஆரம்பித்தேன்.

இரண்டாவது குற்றத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் கையை உயர்த்தி, காதிலிருந்து மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். நான் கத்திப் பார்த்தேன். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தாள். பிறகு எழுந்து போய் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள், மடித்தாள், அரிசி களைந்தாள். நான் அவள் பின்னாலேயே மிச்சமிருந்த ஐந்து குற்றங்களையும் சுமந்துகொண்டு நடந்தேன். இத்தனை வருஷச் சண்டையில் என்னிடம் இல்லாத ஓர் ஆயுதம் அவள் கைக்குப் போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு டம்ளரையும் கீழே வைத்துவிட்டு, மெஷினை எடுத்து நிதானமாகக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னா சொல்லிகிட்டு இருந்தீங்க?" என்றாள்.

நான் ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தேன்.